பவுனம்மா காட்டிய இடம்

மண்ணுக்கு அடியில் துடிக்கிற நெஞ்சை, மேலே நின்றபடி வெளிச்சத்தை வைத்துக் கேட்கலாம் என்று முதலில் சொன்னபோது சிரிக்காத ஆள் கிடையாது. வெளிச்சத்துக்கு ஏதய்யா காது என்றார்கள். பிறகு ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் இடிந்து விழுந்தது. இடிபாட்டுக்கு அடியிலிருந்து ஒரு டீச்சரையும் மூன்று பிள்ளைகளையும் அந்தக் கருவி கண்டுபிடித்துக் கொடுத்தது. அன்றைக்கு நின்ற சிரிப்புதான். அதற்கப்புறம் அதை நம்பாதே என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

அரசாங்கம் அதற்கு உயிரொலிமானி என்று பெயர் வைத்தது. அந்தப் பெயர் கோப்புகளோடு சரி. ஜனங்கள் அதை நெஞ்சுப்பெட்டி என்றார்கள். மழைக்காலம் வந்துவிட்டால் மலையில் எங்கே மண் சரிந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, நெஞ்சுப்பெட்டி வந்தாச்சா என்பதுதான்.

அப்படி ஒரு பெட்டிக்குப் பொறுப்பாளி ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி, இயற்பியல் படித்தவள். அந்தக் கருவி ஆய்வுக்கூடத்து மேசையில் கிடந்த காலத்திலிருந்து அதோடு இருப்பவள். அவளுக்கு உதவிப் பொறியாளர் ஹமீது, மேலப்பாளையம். வெளியாட்கள் முன்னால் அவளை மேடம் என்பான், மற்ற நேரமெல்லாம் அக்காதான்.

பெட்டியோடு ஒரு விதியும் வந்தது. சரிந்த இடத்தில் கருவியை மூன்று முறை திருப்பித் திருப்பி வைத்துக் கேட்க வேண்டும். மூன்று முறையும் ஒன்றும் கேட்காவிட்டால் தேடுவதை நிறுத்திவிட வேண்டும். கேட்கக் கல்நெஞ்சுக்காரன் எழுதிய விதி மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது இரக்கத்தில் பிறந்த விதி. அதற்கு முந்தின மழைக்காலத்தில், எப்போதோ செத்துப்போன ஒருவரைத் தேடித் தோண்டிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்கள் மேல் மறுபடி மண் சரிந்து, அவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். செத்தவர்களுக்காக இருப்பவர்கள் சாக வேண்டாம் என்றுதான் விதி செய்தார்கள். ஜெசிந்தாவும் அதற்குச் சரி என்று சொன்னவள்தான்.

கருங்கொம்பு எஸ்டேட் நீலகிரியின் மேற்குச் சரிவில் இருக்கிறது. நாள் கணக்கில் பெய்த மழை விட்டு, கொஞ்சம் வெயில்கூடத் தலைகாட்டிய ஒரு காலையில், மேட்டுத் தேயிலைக் காடு அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து கீழே இருந்த லயத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடு. எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்ததால் ஊர் தப்பியது. ஒருவன் மட்டும் அகப்பட்டுக்கொண்டான். கடைசி வீட்டு லோகு. எஸ்டேட்டின் டீ ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன். பத்தொன்பது வயது.

ரோட்டிலும் மண் கிடந்ததால் ஜெசிந்தாவின் ஜீப் மறுநாள் காலையில்தான் போய்ச் சேர முடிந்தது. அதுவரைக்கும் ஊர்க்காரர்கள் மண்வெட்டியால் முடிந்தமட்டும் தோண்டிப் பார்த்துவிட்டு, மறுபடி மண் இறங்கவும் பயந்து விலகி நின்றார்கள். சப் கலெக்டர் நிவேதன் முழங்கால் வரை சேறாக நின்றுகொண்டிருந்தார். இளவயசுக்காரர், நல்ல மனுஷர்தான். கொஞ்சம் தள்ளி லோகுவின் அம்மா பவுனம்மா நின்றாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை முந்தின நாளிலிருந்து அவள் அவிழ்க்கவேயில்லை.

"நீங்கதானா தாயி நெஞ்சுப்பெட்டி அம்மா?" என்று அவளே கிட்ட வந்தாள்.

"ஆமாம்மா."

"எம்புள்ளய எடுத்துக் குடுத்துருவீங்கள்ல?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தருவதில்லை. "முதல்ல எங்க இருக்கான்னு கேப்போம்மா" என்று மட்டும் சொன்னாள் ஜெசிந்தா.

ஹமீது கருவியை இறக்கினான். நடுவில் ஒரு பெட்டி. அதிலிருந்து இரண்டு நீளக் குழாய்கள், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று குறுக்கே அந்தப் பக்கம். இரண்டின் நுனியிலும் மண்ணில் அடித்து இறக்கிய முளையின் மேல் ஒவ்வொரு கண்ணாடி. பவுனம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதுவா என் பிள்ளையைக் கேட்கப்போகிறது என்கிற சந்தேகம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஜெசிந்தாவுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

"சாயங்காலம் வீட்டுக்குள்ள லைட்டப் போட்டுட்டு ஜன்னல் கண்ணாடி வழியாப் பாத்திருக்கீங்களாம்மா? வெளிய இருக்கிற தேயிலையும் தெரியும், உங்க மொகமும் தெரியும்."

"தெரியும்."

"ஏன்னா கண்ணாடி பாதி வெளிச்சத்த உள்ள விடுது, பாதியத் திருப்பி அனுப்புது. இந்தப் பெட்டிக்குள்ள அப்படி ஒரு பாதிக் கண்ணாடி இருக்கு. ஒரே வெளிச்சத்த அது ரெண்டாப் பிரிக்கும். ஒண்ணு இந்தக் குழாய்ல போகும், இன்னொண்ணு அந்தக் குழாய்ல போகும். நுனியில இருக்கிற கண்ணாடியில பட்டுத் திரும்பி வந்து, ரெண்டும் மறுபடி இதே எடத்துல ஒண்ணு சேரும்."

"சேந்தா?"

"சேர்ற எடத்துல ஒண்ண ஒண்ணு அழிச்சு இருட்டாகுற மாதிரி நாங்க சரிபண்ணி வச்சிருப்போம். கீழ ஒரு நெஞ்சு துடிச்சா மண்ணு ஆடும். நமக்குத் தெரியாது, அவ்வளவு சின்ன ஆட்டம். ஆனா அந்த ஆட்டத்துல ஒரு வெளிச்சம் மத்ததவிடத் துளி பிந்தி வந்தாக்கூட அழிக்கிறது சரியா நடக்காது. இருட்டுல மினுக்குனு வெளிச்சம் கசியும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மினுக்கு."

"வெளிச்சத்தோட வெளிச்சம் சேந்தா இருட்டாகுமா? என்னா கூத்து தாயி இது" என்றாள் பவுனம்மா. பிறகு மெதுவாக, "அப்ப மினுக்குனா உசுரு. மினுக்கலேன்னா..." என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் படங்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் ஜெசிந்தாவின் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அது எந்த விதியிலும் இல்லாத வழக்கம். முதன்முதலாக அவள் போன ஒரு மண்சரிவில், வயசான தகப்பன் ஒருவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, இங்கேதாம்மா என் மகள் இருப்பாள், இங்கேயே வை என்று கெஞ்சினார். எங்கே வைத்தால் என்ன, சுற்றுவட்டாரம் முழுக்கக் கேட்குமே என்று அவளும் அவர் சொன்ன இடத்திலேயே வைத்தாள். அந்தப் பெண் உயிரோடு கிடைத்தாள். அன்றிலிருந்து அது ராசியாகிவிட்டது. போகிற இடமெல்லாம் வீட்டு ஆளைக் கூப்பிட்டு இடம் காட்டச் சொல்வார்கள், காட்டிய இடத்தில் பெட்டியை இறக்குவார்கள். சிலர் அதற்குத் திருநீறு பூசுவார்கள், சிலர் தொட்டு ஜெபம் செய்வார்கள். நாமும் ஏதோ செய்தோம் என்று அவர்களுக்கு ஒரு ஆறுதல். மற்ற குழுக்களும் இதைப் பார்த்துப் பழகிக்கொண்டன.

"நீங்க காட்டுங்கம்மா. எங்க படுத்திருப்பான்?"

பவுனம்மா மண்மேட்டில் ஏறினாள். அங்கே வீடும் இல்லை, வாசலும் இல்லை, வேரோடு கவிழ்ந்த தேயிலைச் செடிகள்தான் கிடந்தன. எதிர் மலையைப் பார்த்தாள், திரும்பி மேலே பார்த்தாள். நாலு எட்டு நடந்தாள், பின்னால் ஒரு எட்டு வந்தாள். "பாய் விரிச்சுக் குடுத்தவளே நாந்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு குனிந்து மண்ணில் கையை வைத்தாள்.

"இங்க தாயி."

ஹமீது அவள் கை வைத்த இடத்திலேயே பெட்டியை இறக்கினான்.

அதன் பிறகு மௌன நேரம். நெஞ்சுப்பெட்டி வந்த ஊர்களில் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. வண்டிகளை அணைத்துவிட வேண்டும். யாரும் நடக்கக் கூடாது, பேசக் கூடாது. ஆடு மாடுகளை அப்புறம் ஓட்டிவிடுவார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு தூரமாகப் போய்விடுவார்கள். கருங்கொம்பில் எஸ்டேட் முழுக்க நின்ற இடத்தில் அப்படியே உட்கார்ந்தது.

"ஒரே ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கட்டுமா?" என்று பவுனம்மா கிசுகிசுத்தாள். "எங்குரல் கேட்டா எந்தத் தூக்கத்துலயும் முழிச்சிருவான்."

"வேண்டாம்மா. சத்தம் மண்ண அசைச்சிரும்."

பவுனம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். இருட்டு. காத்திருந்தாள். தூரத்து ஓடையின் சலசலப்பு திரையின் ஓரத்தில் லேசாக நெளிந்தது, வேறு எதுவும் இல்லை. ஹமீது குழாய்களைக் கழற்றி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, அவற்றை வேறு திசைக்குத் திருப்பி மாட்டினான். மறுபடி மௌனம். இருட்டு. மறுபடி திருப்பினான். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் ஜெசிந்தாவுக்குக் கேட்டது. கர்த்தரே ஒரு மினுக்கு, ஒரே ஒரு மினுக்கு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். திரை இருட்டாகவே கிடந்தது.

சப் கலெக்டர் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். அழுகை கிளம்பியது. பவுனம்மா மட்டும் அழவில்லை. "நல்லாப் பாத்தீங்களா தாயி?" என்று ஒரு தரம் கேட்டாள். மூன்று தரம் பார்த்தோம் என்றாள் ஜெசிந்தா. அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லாததால் பவுனம்மா போய் மேட்டோரமாக உட்கார்ந்துகொண்டாள். மண் காய்ந்த பிறகு உடலை எடுத்துக் கொடுப்பதாக முடிவாயிற்று.

அதற்கு மறுநாள் பிற்பகல் ஜெசிந்தாவும் ஹமீதும் மலைக்குக் கீழே ஒரு பாலத்தடியில் இருந்தார்கள். அங்கே மண்ணில் புதைந்த லாரியின் டிரைவரைக் காணவில்லை. கருவியை மாட்டி முடித்ததும் வேலை செய்கிறதா என்று தரையைக் காலால் தட்டிப் பார்ப்பது வழக்கம். ஹமீது எப்போதும் ஒரு குழாயின் நுனிவரை நடந்துபோய், அங்கே இருக்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில் தட்டுவான். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இல்லை, வழி நெடுகச் சேறு. யார் போவது என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று காலை ஓங்கி மிதித்தான். பெட்டியிலும், குழாய் நுனியில் நின்ற ஜெசிந்தாவின் கையிலும் இருந்த திரைகள் இருட்டாகவே கிடந்தன.

"அக்கா, பெட்டி செத்துப்போச்சு போலிருக்கே."

"நேத்து நல்லாத்தானல இருந்துச்சு."

"நீங்களே பாருங்க." மறுபடி மிதித்தான். திரை அப்படியே இருட்டாக இருந்தது.

எந்த வயர் கழன்றதோ என்று ஜெசிந்தா தன் திரையைக் கையில் பிடித்தபடி பெட்டியை நோக்கி நடந்தாள். அவள் எட்டு வைக்க வைக்கத் திரையில் வெளிச்சம் பளிச் பளிச்சென்று குதித்தது. கருவி நன்றாகத்தான் இருந்தது. கிட்டே வரவரக் குதிப்பு அடங்கியது. பெட்டியை ஒட்டி நின்று காலைத் தட்டினாள். இருட்டு. இன்னொரு தரம் தட்டினாள். இருட்டு. நிமிர்ந்து இரண்டு குழாய்களின் நுனியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னக்கா? ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீய?"

"ஹமீது, இங்கருந்து அந்தக் கண்ணாடி எவ்வளவு தூரம்?"

"குழாய் நீளந்தான்."

"இந்தக் கண்ணாடி?"

"அதே தூரந்தான். ரெண்டு குழாயும் ஒரே அளவுல்லா."

"அப்ப இங்க மிதிச்சா அந்த அதிர்வு ரெண்டு கண்ணாடிக்கும் ஒரே நேரத்துல, ஒரே அளவுல போய்ச் சேருது. ரெண்டும் ஒண்ணா ஆடுது. ரெண்டு வெளிச்சமும் ஒண்ணாப் பிந்துது. ஒண்ணாப் பிந்தினா வித்தியாசம் எங்கல இருக்கும்? எப்பவும் போல ஒண்ண ஒண்ணு அழிச்சிரும். பெட்டிக்கு நேர் கீழ இருக்கிறவன், இல்லன்னா ரெண்டு குழாய்க்கும் சரியா நடுவால போற கோட்டுல இருக்கிறவன், எப்படித் துடிச்சாலும் நமக்கு இருட்டுதான்."

"திருப்பித் திருப்பி வச்சுக் கேக்கோமே. அதுக்குத்தானே மூணு தரம்?"

"நடுக்கோட்டுல இருக்கிறவன் திருப்பினாத் தப்பிச்சிருவான். பெட்டிக்கு நேர் கீழ இருக்கிறவன்? குழாயத்தானே திருப்புதோம், பெட்டிய நகத்தலியே."

ஹமீது அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. "அது எப்படிக்கா? இத்தன வருஷமா வீட்டு ஆளுங்க காட்டுத எடத்துலதானே வைக்கோம். அப்பல்லாம் கேட்டுச்சே! எத்தன பேர எடுத்திருக்கோம்!"

"அவங்க காட்டின எடத்துலயே கெடைச்சது யாரு? ஒருத்தர் பேரச் சொல்லு பாப்போம்."

அவன் யோசித்தான். பத்தடி தள்ளிக் கிடைத்த பெண், சுவருக்கு அந்தப்புறம் கிடைத்த கிழவர், வீட்டோடு மண் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கிடைத்த பிள்ளை என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். மண் எதையும் வைத்த இடத்தில் விட்டுவைப்பதில்லை. காட்டிய இடத்தில் ஒருவர்கூட இருந்ததில்லை.

"எல்லாரும் தப்பாக் காட்டினாங்க" என்றாள் ஜெசிந்தா. "அதனாலதான் நமக்குக் கேட்டுச்சு."

பவுனம்மாவின் பெயரை இரண்டு பேருமே சொல்லவில்லை. ஹமீது சேற்றில் ஓடிப்போய் ஜீப்பைத் திறந்தான். பெட்டியை இங்கே தள்ளித் தள்ளி வைத்துக் கேள் என்று அவனிடம் விட்டுவிட்டு, ஜெசிந்தா தானே வண்டியை எடுத்தாள்.

மேலே ஏறும்போதே சப் கலெக்டருக்கு போன் போட்டாள். அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "மேடம், நீங்களே மூணு தடவ பாத்துட்டு இல்லேன்னீங்க. திடீர்னு ஆளுங்களத் திரும்ப இறக்குன்னா எப்படி? மேல மண்ணு இன்னும் ஈரமா நிக்குது."

"சார், நான் சொன்னது தப்பு. இல்லேன்னு சொன்னது தப்பு. அந்தம்மா கை வச்ச எடத்துல தோண்டச் சொல்லுங்க. நேர் கீழ. தள்ளியெல்லாம் வேண்டாம்."

எந்த இடம் என்று அவர் இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, இறக்குறேன்" என்றார். அந்த மட்டுக்கும் அவர் நல்லவர். விதியைக் காட்டித் தட்டிக் கழித்திருக்கலாம், அவர் செய்யவில்லை.

ஜெசிந்தா போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. நல்ல ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள், பவுனம்மாவையும் ஊர்க்காரர்களையும் கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கடைசி வீடு ஒரு பாறையில் சாய்த்துக் கட்டியது. அதனால் மண்ணால் அதை இழுத்துக்கொண்டு போக முடியவில்லை, மேலே மூடத்தான் முடிந்தது. கூரை ஒரு பக்கம் பாறையில் தாங்கி நின்று, உள்ளே ஒரு ஆள் படுக்குமளவுக்குப் பொந்து இருந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் அதற்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

லோகு பாயில்தான் இருந்தான். உடம்பு இன்னும் முழுசாக விறைக்கவில்லை. எஸ்டேட் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "மதியம் வரைக்கும் இருந்திருக்கான்" என்றார். கால் மேல் உத்தரம் கிடந்திருந்தது. கையில் ஒரு கரண்டி. பக்கத்துப் பாறையில் அதைக் கொண்டு தட்டித் தட்டி, கரண்டி வளைந்துபோயிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு நாள் தட்டியிருக்கிறான். மேலே ஆள் அரவம் கேட்டிருக்கும். பிறகு அந்த மௌன நேரம் வந்திருக்கும். திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றபோது அந்தப் பிள்ளை என்ன நினைத்திருப்பான்? எல்லோரும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றுதானே நினைத்திருப்பான்! ஜெசிந்தா பள்ளத்தின் ஓரத்தில் சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை.

சப் கலெக்டர் அவளைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

"டாக்டர்கிட்டப் பேசிட்டேன் மேடம். விழுந்தவுடனே உயிர் போயிடுச்சுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிடுவோம். அவங்களுக்கும் அதான் நல்லது."

"கரண்டி?"

"அதை எடுத்துட்டோம்."

"நான் செஞ்ச தப்பு சார் இது."

"தெரியும். மேல எழுதுங்க, எல்லாப் பெட்டியையும் நிறுத்தி வழிமுறைய மாத்தச் சொல்லுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன். ஆனா இங்க சொல்லாதீங்க. நாளைக்கு இன்னொரு ஊர்ல மண்ணு சரியும். பெட்டியக் கண்டா ஜனங்க கல்லெறிவாங்க. உயிரோட இருக்கிறவனையும் தேட விடமாட்டாங்க. யாராவது கேட்டா, காட்டின எடம் கொஞ்சம் மாறிப்போச்சுன்னு சொல்லிக்கலாம். அதுல யாருக்கும் கஷ்டமில்ல."

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் கொடுமை.

மறுநாள் காலையில் அடக்கம். பிள்ளையை நானேதான் குளிப்பாட்டுவேன் என்று பவுனம்மா யாரையும் கிட்ட விடவில்லை. எல்லாம் முடிந்து ஜனங்கள் கலைந்த பிறகு, ஜெசிந்தா ஜீப்புக்குப் போகிற வழியில் அந்தப் பள்ளத்தோரமாக நின்றாள். பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டது. பவுனம்மா.

"விழுந்தவொடனே உசுரு போயிருச்சுன்னு கலெக்டர் தொர சொன்னாரு தாயி."

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் கையக் கழுவிவிட்டேன். விரல்லாம் கொப்புளம். ஒடஞ்ச கொப்புளம், அதுக்கு மேல இன்னொண்ணு. செத்தவன் கையில கொப்புளம் எப்படி தாயி வரும்?" அவள் குரலில் கோபம் இல்லை. கேட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள். "அவன் இருந்திருக்கான். எனக்குத் தெரியும். நீங்க சொல்ல வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் எடத்தத் தப்பாக் காமிச்சுப்புட்டேனா? அதான் ஒங்க பெட்டிக்குக் கேக்காமப் போச்சா? ராத்திரில்லாம் அதான் தாயி மண்டைக்குள்ள ஓடுது. அழுத கண்ணோட பாத்து எடத்த மாத்திக் காமிச்சு எம்புள்ளய நானே கொன்னுப்புட்டேனா?"

ஆமாம், கொஞ்சம் மாறிப்போச்சு என்று சொன்னால் ஜெசிந்தா தப்பித்துக்கொள்ளலாம். பெட்டியின் பெயரும் கெடாது. ஆனால் இந்தப் பொம்பளை மிச்ச நாளெல்லாம் தன் கையைப் பார்த்துப் பார்த்துச் சாவாள். இல்லை என்று சொன்னால்? பிறகு ஏன் கேட்கவில்லை என்பாள். அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் இந்த அம்மாவுக்குத்தான் வெட்டு.

"இல்லம்மா" என்றாள் ஜெசிந்தா. "சரியாத்தான் காமிச்சீங்க. நீங்க கை வச்ச எடத்துக்கு நேர் கீழதான் அவன் இருந்தான். அடி பிசகல."

பவுனம்மாவின் முகம் ஒரு கணம் தெளிந்தது. "அப்படியா தாயி? நான் சரியாத்தான் காமிச்சேனா?"

"தப்பு என்னோடது. பெட்டிக்கு நேர் கீழ இருக்கிற உயிர் மட்டும் அதுக்குக் கேக்காது. ரெண்டு வெளிச்சமும் ஒண்ணா ஆடி ஒண்ண ஒண்ணு மறைச்சிரும். அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். படிச்சவ, எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். பெட்டியக் கொஞ்சம் தள்ளி வைக்கணும்னு எனக்குத் தோணல. எம்மேல என்ன புகார் குடுக்கணுமோ குடுங்கம்மா. நான் எங்கயும் இதையேதான் சொல்லுவேன்."

பவுனம்மா அவளைத் திட்டவில்லை. அடித்திருந்தால்கூட ஜெசிந்தா வாங்கிக்கொண்டிருப்பாள். பவுனம்மா பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு நாலு எட்டு நடந்துபோய், குனிந்து ஈரமண்ணில் கையை வைத்தாள்.

"இங்க காமிச்சிருந்தா கேட்டிருக்குமா தாயி?"

ஜெசிந்தாவுக்கு அவள் என்ன செய்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "கேட்டிருக்கும்மா" என்றாள்.

பவுனம்மா எழுந்தாள். கவிழ்ந்து கிடந்த தேயிலைச் செடிகளைத் தாண்டிக்கொண்டு இன்னும் தள்ளிப் போனாள். குனிந்தாள்.

"இங்க?"

"கேட்டிருக்கும்."

மேட்டின் மறுபக்கம் போனாள். கால் சறுக்கியது, ஊன்றி எழுந்தாள். "இங்கிட்டு?"

"ஆமாம்மா."

"அப்ப வேற எங்க காமிச்சிருந்தாலும்?"

ஜெசிந்தா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பவுனம்மா அந்த மண்ணிலேயே உட்கார்ந்தாள். "புள்ள எங்க படுக்கும்னு தெரியாத ஆத்தாளா நான் இருந்திருக்கலாமே தாயி" என்றாள்.